மண்டபத்துக்கு எந்த மைக்? துலங்கல் கோட்டை வைத்து நான்கு வகை ஒலிவாங்கிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டக் கோயில்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஒலி அமைப்பில் உதவி செய்யப் போகிறவன் என்பதால், ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது ஒரே கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. கடைசியாக அதைக் கேட்டவர் ஒரு கோயில் பொருளாளர். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் இரண்டு பெட்டிகளைப் படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். முதல் பெட்டியில் "20 – 20,000 ஹெர்ட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விலை 80 வெள்ளி (ரிங்கிட்). இரண்டாவதில் "50 – 15,000 ஹெர்ட்ஸ்" என்று ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. விலை அதைப்போல் ஆறு மடங்கு. படங்களுக்குக் கீழே ஒரே வரி: "தம்பி, கணக்குப் பார்த்தா 80 வெள்ளி மைக்தானே ஒசத்தி?"

வரவு செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார், அதில் தவறில்லை. ஆனால் ஒரு மைக்கைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் மிகக் குறைவாகப் பயன்படுவது அந்த இரண்டு எண்கள்தாம். அவற்றுக்கு நடுவில் ஓடும் கோடு எப்படி வளைகிறது, அந்த வளைவு நம் மண்டபத்துக்கும் பேசுகிறவரின் வாய்க்கும் பொருந்துகிறதா என்பதே மைக்கின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கோடு நேராக இருப்பதாலேயே மைக் உயர்ந்ததாகிவிடாது என்பது என் கருத்து. பல தோட்டத்து மண்டபங்களில் வளைந்த கோடே நன்றாக வேலை செய்கிறது.

துலங்கல் கோட்டைப் படிக்கும் முறை

ஒரே வலிமையுள்ள ஒலிகளைத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால், மைக் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று காட்டும் கோட்டையே அதிர்வெண் துலங்கல் என்கிறோம். வழக்கமாக 1,000 ஹெர்ட்சில், அதாவது நொடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியில், கிடைக்கும் அளவைச் சுழியாக வைத்து, மற்றவை அதற்கு எத்தனை டெசிபெல் (ஒலியின் வலிமையை ஒப்பிடும் அலகு) மேலே அல்லது கீழே நிற்கின்றன என்று வரைவார்கள். மூன்று டெசிபெல் குறைந்தால் மின்திறன் பாதியாகிறது. பத்து டெசிபெல் கூடினால்தான் காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்பதுபோல் தோன்றும்.

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பது இளம் வயதில் நல்ல செவியுள்ள மனிதரின் கேட்கும் எல்லை. அதே எண்ணைப் பெட்டியில் அச்சிட எவருக்கும் தடை இல்லை. "கூட்டியோ குறைத்தோ 3 டெசிபெல்லுக்குள்" என்ற வரம்பு அதன் அருகில் இல்லாவிட்டால், 20 ஹெர்ட்சில் ஒலி 15 டெசிபெல் வீழ்ந்து போன மைக்கும் அந்த எண்ணைச் சூடிக்கொள்ளலாம். வரைபடம் கொடுத்திருந்தாலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அளந்த தூரம்: அரை மீட்டருக்கு அப்பால் வைத்து அளந்த கோடு, உதட்டருகே பிடிக்கும்போது வேறாகிவிடும். இன்னொன்று, நிமிர்ந்த அச்சின் அளவுகோல்: கட்டைவிரல் அளவுப் படத்துக்குள் 60 டெசிபெல்லை அடக்கினால் எந்த மலையும் சமவெளியாகத் தெரியும்.

முடிவெடுக்க வேண்டிய அளவைகள்

முதலில், என்ன ஒலி. ஆண் பேச்சின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 100 ஹெர்ட்சை ஒட்டியும், பெண்ணுடையது 200 ஹெர்ட்சை ஒட்டியும், சிறுவர்களுடையது அதற்கும் மேலும் இருக்கும். குரலின் கனமும் உயிரெழுத்துகளின் வலிமையும் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்சுக்குக் கீழே அடங்கிவிடுகின்றன. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துகளோ ஏறத்தாழ 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பரவியுள்ளன. சகரத்தின் சீறல் அந்தப் பகுதியின் மேல் பாதியில் இருக்கிறது. நாக்கு மடியும் ழகரத்தில் குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்கி 2,000 ஹெர்ட்சை நெருங்கும். ழகரத்தைக் காது அடையாளம் காண்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்திய பழைய தொலைபேசியில் பேச்சு புரிந்தது, ஆனால் புதிய பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. மேல் பகுதி இல்லாத குறை அது.

இரண்டாவது, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகள் அருகில் வரும் வாயின் தாழ் ஒலியை மிகைப்படுத்தும். இதற்கு அண்மை விளைவு என்று பெயர். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் 6 டெசிபெல் குறைகிறது. ஐந்து சென்டிமீட்டரில் பேசிய ஒருவர் 40 சென்டிமீட்டருக்கு விலகினால் இழப்பு 18 டெசிபெல், அதாவது மின்திறனில் 60 மடங்குக்கு மேல். அதை, ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் கருவியான மிக்சரில் ஈடுகட்டினால் மண்டபத்தின் மற்ற சத்தங்களும் சேர்ந்தே ஏறும்.

மூன்றாவது, ஒலி எங்கே போய் முடிகிறது. நம் கோயில்களில் தூணிலும் மரத்திலும் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேலேயும் 8,000 ஹெர்ட்சை ஒட்டித் தேய்ந்துவிடும். 20 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் மைக்கை அதில் மாட்டினால் அடிப்பகுதி வீணாவதோடு கேடும் செய்கிறது. நீண்ட கம்பியில் ஓடும் 100 வோல்ட் அமைப்பின் மின்மாற்றிகள் தாழ் ஒலியில் திணறும். கூம்புக்குள் இருக்கும் சிறு சவ்வு, தன்னால் ஒலிக்க முடியாத தாழ் அலைகளுக்கு அளவுமீறி அசைந்து கிழியக்கூடும். திருவிழா முடிந்து கூம்பு "கரகர" என்று பேசத் தொடங்கினால் பலர் மழையைக் குற்றம் சொல்கிறார்கள். மிக்சரில் 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டும் பொத்தானை யாரும் அழுத்தாததே காரணமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, சூழல். தகரக் கூரை, சிமெண்டுச் சுவர், தரை ஓடு, எட்டுக் காத்தாடி, பெருவழியில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரி, பிற்பகல் மூன்று மணிக்குத் தவறாமல் வரும் மழை: இவையெல்லாம் மைக்கின் கோட்டோடு கலந்துதான் காதுக்கு வருகின்றன. ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றிப் பெருகும் ஊளையும் சூழலைச் சேர்ந்ததே. மைக், மண்டபம், ஒலிபெருக்கி மூன்றும் சேர்ந்த கோட்டில் எந்த இடம் மிக உயரமோ அங்கேதான் ஊளை முதலில் பிறக்கும்.

கடைசியாக, விலைச்சீட்டில் தெரியாத செலவும் யார் கையில் மைக் போகப் போகிறது என்பதும். இவற்றை ஒவ்வொரு வகையிலும் சொல்கிறேன்.

முதல் வகை: மேடு வைத்துச் செய்த கைப்பிடி டைனமிக் மைக்

பொருளாளர் அனுப்பிய இரண்டாவது பெட்டி இந்த வகை. 1966-இல் வெளிவந்து இன்றுவரை மேடைகளில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ். சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே அசைந்து மின்சாரம் உண்டாக்குவதால், அந்தச் சுருளின் கனமே மிக உயர்ந்த ஒலிகளைத் தடுத்துவிடுகிறது. மேல் எல்லை 15,000-த்தோடு நிற்பது அதனால்தான். கோட்டின் உருவம்தான் முக்கியம். 100 ஹெர்ட்சுக்குக் கீழே சரிகிறது. 2,000 ஹெர்ட்சைத் தாண்டியதும் சில டெசிபெல் உயர்ந்து ஒரு மேடாக நிற்கிறது. இரண்டும் வேண்டுமென்றே செய்தவை. ஆறு மில்லிமீட்டர் அருகில் வாய் வரும்போது 100 ஹெர்ட்சில் 6 முதல் 10 டெசிபெல் வரை கூடும் என்று தயாரித்தவர்களே குறிப்பிடுகிறார்கள். கீழே உள்ள சரிவு அந்த மிகையைச் சமன் செய்கிறது. மேடு மெய்யெழுத்துகள் இருக்கும் இடத்தில் விழுகிறது. உதட்டருகே பிடித்துப் பேசினால், தாளில் வளைந்திருந்த கோடு காதுக்கு வரும்போது ஏறக்குறைய நேராகிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. கூம்பு ஒலிபெருக்கிகளில் பலவும் தாமே நடு உயர் ஒலிகளைத் தூக்கிக் காட்டுபவை. மேட்டின் மேல் மேடு விழும்போது பெண் குரல் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் ஆகிவிடும். ஊளையும் அங்கேதான் தொடங்கும். மிக்சரில் அந்தப் பகுதியை மூன்று, நான்கு டெசிபெல் இறக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு நடுப்பகுதிக்கென்று தனித் திருகு உள்ள மிக்சர் வேண்டும்; முதல் மறைமுகச் செலவு அது. இரண்டாவது செலவு பழக்கம். வாயிலிருந்து இரண்டு விரல் அளவுக்குள் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உருமி மேளப் பையன்களும் சில நிகழ்ச்சி அறிவிப்பாளர்களும் செய்வதுபோல் வலைப்பந்தைக் கையால் பொத்திப் பிடித்தால், பின்பக்கத் துளைகள் அடைபட்டு, ஒரு திசையில் கேட்ட மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும், கோட்டில் புதிய முகடுகள் முளைக்கும், ஊளை உறுதி. பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம், ஒலிக்காரனுக்கு அது தண்டனை.

ஈரத்துக்கும் கீழே விழுவதற்கும் இந்த வகை அஞ்சுவதில்லை. வெளி மின்சாரமும் வேண்டாம். பலர் கை மாறும் மைக், மழைச் சத்தம், ஊளையிடும் மண்டபம் ஆகிய மூன்றில் இரண்டு உங்களுக்கு இருந்தால் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

வாயின் தூரம் மாறினாலும் தாழ் ஒலி மாறாத டைனமிக் மைக்கும் உண்டு: எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, 45 முதல் 18,000 ஹெர்ட்ஸ், பக்கவாட்டுத் துளைகளால் அண்மை விளைவை அடக்குவது. வானொலி அறிவிப்பாளர்களுக்குப் பிடித்தமானது. முக்கால் கிலோவை நெருங்கும் எடையும் விலையும் அதைத் தோட்ட மண்டபத்துக்குப் பொருந்தாமல் செய்கின்றன.

இரண்டாம் வகை: நேர்கோட்டுக் கண்டென்சர் மைக்

சில மைக்ரான் தடிமனே உள்ள பூச்சிட்ட சவ்வு, அதற்கு எதிரே ஓர் உலோகத் தகடு, இடையில் மின்னேற்றம்: இதுவே கண்டென்சரின் அமைப்பு. அசைய வேண்டிய கனம் மிகக் குறைவு என்பதால் 20,000 ஹெர்ட்ஸ் வரை தளராமல் செல்கிறது. ரோட் என்டி1-ஏ போன்ற பெரிய சவ்வு மைக்கின் கோடு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பெரிய ஏற்ற இறக்கமின்றி ஓடுகிறது; அதன் சொந்த இரைச்சல் 5 டெசிபெல் மட்டுமே. அதே ஒலிக்கு அது தரும் மின்னழுத்தம் எஸ்எம்58 தருவதைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு. தாளில் பார்த்தால் போட்டியே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அந்தத் தாளை நம்பி நான் ஒரு தவறு செய்தேன். சிறுவர்களுக்கான திருமுறை ஓதும் போட்டி. அரங்கில் கேட்பதோடு பதிவும் தெளிவாக இருக்கட்டும் என்று என் கண்டென்சர் மைக்கை மேடையில் ஒரு முழ தூரத்தில் நிறுத்தினேன். காலையில் வெறும் மண்டபத்தில் சோதித்தபோது தேன்போல் இருந்தது. பிற்பகலில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஓதத் தொடங்கியதும் கூரை மேல் மழை இறங்கியது. நடுவர் காதுக்குப் பின்னால் கையை வளைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நான் ஒலியை ஏற்றினேன். காத்தாடிகளின் உறுமல் முதலில் ஏறியது, பிறகு மழை, அதன் பிறகு பல்லைக் கூசவைக்கும் ஊளை. சிறுமி நிறுத்தி, கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் அடியிலிருந்து தொடங்கினாள். என் பையிலிருந்த பழைய டைனமிக் மைக்கை அவள் கையில் கொடுத்த பிறகுதான் ழகரம் ழகரமாகக் கடைசி வரிசை வரை போனது.

அன்று பலர் சொன்ன விளக்கம் "கண்டென்சர் தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுக்கும்" என்பது. அது சரியல்ல. ஒரே தூரத்தில், ஒரே திசை வடிவத்தில் வைத்தால் குரலுக்கும் மழைக்கும் உள்ள விகிதம் இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றே. கண்டென்சரைத் தூரத்தில் நிறுத்தியது நான். காத்தாடியின் தாழ் உறுமலை 20 ஹெர்ட்ஸ் வரை உள்ளே விட்டது அதன் நேர்கோடு. டைனமிக்கின் சரிவு அதே உறுமலை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

ஆனால் பதிவு என்று வந்துவிட்டால் நான் வேறு எதையும் எடுப்பதில்லை. சென்ற ஆண்டு பழைய லயன் வீடு ஒன்றில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவரின் தாலாட்டைப் பதிவு செய்தோம். இரவு பத்துக்கு மேல், குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைக் கழற்றி, இரண்டு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஒரு சாண் தூரத்தில் கண்டென்சரை வைத்தோம். அவர் குரல் ஏறக்குறைய மூச்சுதான். டைனமிக் மைக்காக இருந்தால் அந்த மெல்லிய குரலை எழுப்ப 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்க வேண்டியிருக்கும். மைக்கைக் கணினியோடு சேர்க்கும் மலிவான இணைப்புப் பெட்டியின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் கூடவே வரும். கண்டென்சரில், அடிகளுக்கு நடுவே அவர் நாக்கு அண்ணத்திலிருந்து விடுபடும் சிறு ஓசைகூட விழுந்திருந்தது. மேடு வைத்த கோடு அந்தக் குரலின் நடுக்கத்தைக் கூர்மையாக்கி வயதை இன்னும் கூட்டியிருக்கும். நேர்கோடு அதை இருந்தபடியே விட்டது.

மறைமுகச் செலவுகள் இந்த வகையில்தான் அதிகம். மைக் கம்பி வழியாகவே 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தரும் மிக்சர் அல்லது இணைப்புப் பெட்டி, அதிர்வு தாங்கும் பிடி, பகரத்தின் மூச்சு வெடிப்பைத் தடுக்கும் திரை எல்லாம் வேண்டும். நம் ஊரின் ஈரப்பதம் இதற்கு முதல் பகை. சவ்வில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து "படபட" என்று வெடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். கோயில் அறையில் கற்பூரத்துக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் பக்கத்தில் வைப்பதானால் வாங்காமலிருப்பதே மேல்.

யுஎஸ்பி கம்பியோடு வரும் கண்டென்சர்களுக்கும் இதே கோடும் இதே குறையும் பொருந்தும். இணைப்புப் பெட்டியின் செலவு மிச்சம், கோயில் மிக்சரில் மாட்ட முடியாது என்பதே வேறுபாடு.

மூன்றாம் வகை: மேசையில் நிற்கும் வளைகழுத்து மைக்

இதுவும் சிறிய கண்டென்சர்தான். ஆனால் பேச்சுக்கென்று கோட்டைத் திருத்தியிருப்பார்கள். கீழே மெல்லச் சரிந்து, மேலே சற்று உயரும். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை விலகி நின்று பேசுவதற்காகச் செய்தது என்பதால் அண்மை விளைவு பெரிதாகத் தலைகாட்டாது. மைக்கைக் கையில் பிடிக்கத் தெரியாதவர், தாளைப் பார்த்து வாசிக்கும் தலைவர், பட்டிமன்ற நடுவர் ஆகியோருக்கு ஏற்றது. தூரக் கணக்கை முன்பே சொன்னேன்: விலகிய ஒவ்வொரு முறைக்கும் ஊளைக்கு நெருங்குகிறோம். ஆறடி உயர டத்தோ (அரசுப் பட்டம் பெற்ற பிரமுகர்) பேசி முடித்து, அடுத்து நாலடிச் சிறுவன் வரும்போது கழுத்தை வளைத்துவிட ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் பேசினால் உயர் ஒலிகள் முதலில் தேய்ந்து குரல் மங்கும். ஏனென்றால் வரைபடத்தில் காட்டியிருப்பது நேர் எதிரே நின்று பேசும் குரலின் கோடு மட்டுமே. குளிரூட்டிய, கம்பளம் விரித்த கூட்ட அறைக்கு வாங்கலாம். தகரக் கூரைக்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் வகை: கம்பியில்லா மைக்குகள்

இங்கே முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடைக்காரர் "இது நல்ல ஃப்ரீக்வென்சி" என்று சொல்லும்போது அவர் குறிப்பிடுவது மைக்கின் குரலைச் சுமந்து செல்லும் வானொலி அலையை; ஒலியின் துலங்கலை அல்ல. இரண்டுக்கும் அளவு ஹெர்ட்ஸ்தான், பொருள் வேறு. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-இல் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு முழுமையாக நிறுத்தப்பட்டு, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைப்பேசிச் சேவைகளுக்குத் திருப்பப்பட்டது. அந்த வரிசையில் இயங்கும் பழைய இருப்பு கம்பியில்லா மைக்குகள் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கூட்டத்தில் முந்நூறு பேர் கைப்பேசியோடு இருக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

கையில் பிடிக்கும் கம்பியில்லா மைக்கின் துலங்கல் அதன் தலைப்பகுதியைப் பொறுத்தது. முதல் வகைக்குச் சொன்ன அனைத்தும் இதற்கும் பொருந்தும். மலிவான அனலாக் கருவிகள் ஒலியை அமுக்கி அனுப்பி மறுமுனையில் விரிப்பதால் சொல்லின் முடிவில் ஒரு மூச்சிரைப்பு கேட்கலாம். மின்கலச் செலவும் உண்டு. சாமி புறப்பாட்டின் நடுவில் தீர்ந்துபோவதற்கென்றே மின்கலங்கள் பிறக்கின்றன.

சட்டையில் குத்தும் சிறு மைக்கின் கதை தனி. அது மார்பில் இருப்பதால் மோவாயின் நிழலில் உயர் ஒலிகள் குறைந்து, மார்பின் அதிர்வால் 700 ஹெர்ட்சை ஒட்டிய பகுதி தடித்துவிடும். அதனால் தயாரிப்பவர்கள் மேல் பகுதியைத் தூக்கியே செய்கிறார்கள். இந்த மைக்கைக் கையில் எடுத்து வாய்க்கு நேரே பிடித்துப் பேசினால் சகரமெல்லாம் பாம்பாகச் சீறும். பட்டுச் சேலையின் உரசலும் சங்கிலியின் கிணுகிணுப்பும் இதன் மறைமுகச் செலவு. நடந்துகொண்டே பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் காணொளி எடுப்பவருக்கும் இது சரி; ஒலிபெருக்கிக்கு முன்னால் நடக்கும் அறிவிப்பாளருக்குச் சரியல்ல.

ஒரே பார்வையில்

| வகை | கோட்டின் உருவம் | வாயின் தூரம் | தெரியாத செலவு | வெல்லும் இடம் |
|---|---|---|---|---|
| கைப்பிடி டைனமிக் | கீழே சரிவு, 2,000 ஹெர்ட்சுக்கு மேல் மேடு | இரண்டு விரல் | நடுத்திருகு உள்ள மிக்சர், பழக்கம் | தகரக் கூரை மண்டபம், திருவிழா |
| நேர்கோட்டுக் கண்டென்சர் | ஏறக்குறைய சமம் | ஒரு சாண் | 48 வோல்ட், திரை, ஈரக்காப்பு | அமைதியான அறையில் பதிவு |
| வளைகழுத்து | மெல்லிய சரிவு, சிறு உயர்வு | ஒரு சாண் முதல் ஒரு முழம் | 48 வோல்ட், உதவியாளர் | குளிரூட்டிய கூட்ட அறை |
| கம்பியில்லாதது | தலையைப் பொறுத்தது; சட்டை மைக்கில் மேல் உயர்வு | கை அல்லது மார்பு | மின்கலம், அலைவரிசை | நடமாடிப் பேசுவோர் |

வாத்தியங்களுக்கு

நாதசுரத்துக்கும் தவிலுக்கும் நம் அளவு மண்டபத்தில் மைக்கே தேவையில்லை. வைத்தே ஆக வேண்டுமானால் ஒரு மீட்டருக்கு அப்பால் ஒரு டைனமிக் போதும். மிருதங்கம் அப்படியல்ல. வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே உள்ள கருஞ்சாந்தால்தான் அதன் மேலோசைகள் இசைச் சுருதிகளாக ஒழுங்குபடுகின்றன என்பதை சி. வி. இராமன் 1920-இலேயே எழுதினார். மேடு வைத்த மைக்கை அருகில் வைத்தால் அந்த மேலோசைகளின் விகிதம் கெட்டு, விரலின் தட்டல் மட்டும் துருத்திக்கொண்டு வரும். வலந்தலைக்கு நேர்கோட்டு மைக், இடப்பக்கத் தொப்பிக்கு டைனமிக் என்று பிரிப்பது என் வழக்கம். உருமிக்கோ டைனமிக்கைத் தவிர வேறு எதையும் நான் அருகில் கொண்டுபோவதில்லை.

கடையில் சோதிக்கும் விதம்

ஈப்போவிலோ கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலோ வாங்கப் போகும்போது "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. அதில் ழகரமும் இல்லை, பகரத்தின் வெடிப்பும் இல்லை. சிறுவயதில் நாக்குப் பயிற்சிக்குச் சொன்ன "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்" என்பதை முதலில் இரண்டு விரல் தூரத்திலும், பிறகு ஒரு முழ தூரத்திலும் சொல்லுங்கள். அருகில் சொன்னபோது குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் கீழ்ச்சரிவு போதவில்லை. விலகியபோது ழகரமும் ளகரமும் ஒன்றாகக் கேட்டால் அந்த மைக்கை மேசையில் வைக்க முடியாது. "பாப்பா பச்சைப் பட்டுச் சட்டை" என்று ஒரு முறை சொன்னால் மூச்சு வெடிப்பும் சீறலும் தெரிந்துவிடும். கடையின் பளபளப்பான பெட்டி ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவெடுக்காமல், அங்கே ஒரு கூம்பு இருந்தால் அதிலும் மாட்டச் சொல்ல வேண்டும். தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

பொருளாளரும் நானும் ஒரு சனிக்கிழமை ஈப்போவுக்குப் போய் இதையே செய்தோம். 80 வெள்ளி மைக்கை அவர் கூம்பில் கேட்டார். வாழைப்பழம் "வாளைப்பளம்" ஆகி வந்ததும் சிரித்துவிட்டார். கோயிலுக்கு இரண்டு டைனமிக்கும், கீழ்வெட்டும் நடுத்திருகும் உள்ள சிறிய மிக்சரும் வாங்கினோம். அந்த 80 வெள்ளி மைக்கையும் அவர் விடவில்லை. அன்னதான வரிசையில் பந்தி எண் கூப்பிட அது போதும், சாம்பாருக்குள் விழுந்தாலும் கணக்கு உதைக்காது என்று ரசீதை மடித்துப் பையில் வைத்தார்.